கடலுக்குப் போகும் நீர் வீணா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பங்கு மக்களின் கண்கள் வானத்தின்மேல்தான் இருக்கும். திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கூடி நிற்கையில், ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதற்கு முன்பே, மேகம் எந்தத் திசையில் திரள்கிறது என்பதைத்தான் பேசத் தொடங்குவர். கோவில்பட்டிச் சீமையில் இது புதிதன்று. மழையை நம்பி விதைத்து, மழையை நம்பிக் கடன் வாங்கி, மழையை நம்பியே மகளின் திருமணத்திற்கு நாள் குறிக்கும் மண் இது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு ஞாயிறன்று, முதியவர் ஒருவர் மடித்த நாளிதழோடு நம்மிடம் வந்தார். தாமிரபரணியில் வெள்ளம் போகிறது என்றும், பல ஆயிரம் கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்றும் அதில் செய்தி வந்திருந்தது. அதைச் சுட்டிக் காட்டி, “சாமி, அம்புட்டுத் தண்ணியும் கடலுக்குத்தான போகுது? ஒரு வாய்க்கா வெட்டி நம்ம பக்கம் திருப்பிவிட்டா ஆத்துக்குக் கொறஞ்சா போயிரும்?” என்று கேட்டார்.

நாம் தலையசைத்தோம். அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன், மேற்கே மலைக்கு அப்பால் ஓடும் ஆறுகளைக் கரிசலுக்குத் திருப்ப வேண்டும் என்று கோரி ஊர்ப் பெரியவர்கள் வரைந்த விண்ணப்பமொன்றில் முதல் கையொப்பம் இட்டவர்களுள் நாமும் ஒருவர். ஆயினும் அன்று இரவு அந்த ஒரு சொல் நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. ‘வீண்’ என்ற சொல்தான் அது. கடலுக்குப் போகும் நீரை வீண் என்று முதலில் சொன்னவர் யார்? யாருக்கு வீண்? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டபோது, நம் மண்ணின் வரலாறே நமக்கு ஆசிரியராக அமைந்தது. அந்தத் தேடலில் கண்டவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கரிசலின் கணக்கு

கரிசல் மண் ஏழையன்று. மழை ஈரத்தை உள்ளே இழுத்து, நெடுநாள் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கோடையில் கைவிட்டால் முழங்கை மறையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே நிலம், மழை கண்டதும் களிம்புபோல் குழைந்து வெடிப்புகளை மூடிக்கொள்ளும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அந்த ஈரத்திலேயே விளைந்தன. இந்த மானாவாரி வேளாண்மையை ஆராய்வதற்கென்றே 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. வறண்ட காற்றுக்கூட இங்கு பயன்பட்டது. தீக்குச்சி உலர்த்துவதற்கு ஏற்ற காலநிலை என்பதால்தான் தீப்பெட்டித் தொழில் இவ்வட்டாரத்தில் வேரூன்றியது.

ஆண்டிற்கு ஏறத்தாழ எழுநூறு மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்ப்பது என்ற இந்தக் கணக்கை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே சரிவு கண்ட இடமெல்லாம் கரை எழுப்பிக் கண்மாய் அமைத்தனர். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன என்பர். அவற்றுள் தனித்து நிற்பவை சிலவே. பெரும்பாலானவை சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றோடொன்று பிணைந்தவை. மேல்கண்மாய் நிரம்பியதும் அதன் கலிங்கு வழியே மறுகால் பாயும். அந்த நீர் ஓடையாகி அடுத்த ஊர்க் கண்மாயை நிரப்பும். அதுவும் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அதற்கடுத்த ஊர். இப்படியே சென்று இறுதியில் வைப்பாற்றையோ, கடலோரத்து உப்போடையையோ சேரும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கலிங்கின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில், அந்தக் கற்களின் இடைவெளியைப் புல்கரணையும் மண்ணும் வைத்து அடைத்துக் கூடுதலாகச் சிறிது நீர் தேக்கிக்கொள்வர். ஆனால் எப்போது அடைக்கலாம், எவ்வளவு உயரம் அடைக்கலாம் என்பதற்கு ஊர்களுக்கிடையே எழுதாத கட்டுப்பாடு இருந்தது. அதை மீறினால் கீழூர்க்காரர் மண்வெட்டியோடு வருவர். வழக்கு நீதிமன்றம் வரை போகும். கலிங்கைச் சொல்லி நடந்த சண்டைகள் இப்பக்கத்து ஊர்களில் கொஞ்சமல்ல. அச்சண்டைகளுக்கு அடியில் ஓர் ஒப்புதல் இருந்தது. எந்தக் கண்மாயும் நீருக்கு இறுதி உரிமையாளர் அன்று. தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கீழே விடக் கடமைப்பட்டது என்பதே அது.

இந்த ஏற்பாடு குடிமராமத்தால் நின்றது. ஊர் மக்களே கூடி வரத்துக்கால் வெட்டி, கரை உயர்த்தி, மடையைப் பழுது பார்த்தனர். ஆங்கில அரசு நில வரியை வாங்கிக்கொண்டு, கண்மாயைக் காக்கும் பொறுப்பை மட்டும் ஊரார் தலையில் விட்டது. 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையும் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. மனமுவந்து செய்த பணி சட்டத்தின் அச்சுறுத்தலால் செய்யும் பணியாக மாறியபின் அதன் உயிர் போயிற்று. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னகத்தை உலுக்கியபோது, பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்குப் போனவர்களின் கதைகள் நம் பங்குக் குடும்பங்களில் இன்னும் வழங்குகின்றன. தண்ணீர் இல்லாமை என்பது இம்மக்களுக்கு ஒரு கருத்தன்று. அது குடும்ப வரலாறு. ஆகவே ‘ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன’ என்று கேட்ட அந்த முதியவரை எளிதாகக் கடந்துவிட நம்மால் இயலாது.

எட்டு அணைக்கட்டுகளின் ஆறு

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுவதால் ஆண்டு முழுவதும் நீர் காணும் ஆறு எனப் பெயர் பெற்றது. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்னும் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தியவை. எட்டாவதும் கடைசியுமான திருவைகுண்டம் அணைக்கட்டு 1873-இல் நிறைவுற்றது. அக்காலத்து ஆட்சியர் பக்கிள் துரையின் முயற்சி அதில் பெரிது. தூத்துக்குடியின் பக்கிள் ஓடை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அணைக்கட்டின் வடகாலும் தென்காலும் கடலோரம் வரை நெல்லும் வாழையும் விளையச் செய்தன. பின்னர் 1940-களில் பாபநாசத்திலும், 1950-களின் இறுதியில் மணிமுத்தாற்றிலும் அணைகள் எழுந்தன.

நம் கோவில்பட்டியும் இந்த ஆற்றின் பிள்ளைதான். சிற்றாறு தாமிரபரணியோடு கூடும் சீவலப்பேரியிலிருந்துதான் குழாய்கள் வழியே குடிநீர் நமக்கு வருகிறது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் அவ்விடமே. அங்கு எடுக்கப்படும் நீரை இங்கு நாம் திருமுழுக்குத் தொட்டியில் ஊற்றுகிறோம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? குழாயில் நீர் வராத நாள்களை எண்ணிக் கணக்கு வைத்திருக்கும் நாம், அந்த நீர் வராவிடில் யாருக்கெல்லாம் துன்பம் என்ற கணக்கை வைத்ததில்லை.

வேளாண்மைக்கும் குடிநீருக்கும் பிறகு தொழிற்சாலைகள் வந்தன. கரையோர நகரங்களின் கழிவு நீரும் ஆற்றில் சேர்ந்தது. திருவைகுண்டம் அணைக்கட்டிலோ மண்ணும் மணலும் மேடிட்டு, அதை அகற்றும்படி 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட வேண்டியதாயிற்று. கடலுக்குச் சேர வேண்டிய வண்டல் அணைக்கட்டில் தங்கிவிட்டது என்பதே அதன் பொருள். மழை மாதங்களில் வெள்ளமாகப் பாயும் ஆறு, கோடையில் கடைசி அணைக்கட்டுக்குக் கீழே குட்டைகளாகச் சுருங்கிக் கிடப்பது பழகிய காட்சியாயிற்று.

முகத்துவாரத்தின் குரல்

அந்தக் கடைசிப் பகுதியைக் காண்பதற்கென்றே ஒரு பங்குனி மாதத்தில் புன்னைக்காயல் சென்றோம். நம் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியாருக்குப் பின் முத்துக்குளித்துறையில் உழைத்த அண்ட்ரிக் அடிகளார் அங்குதான் நெடுங்காலம் வாழ்ந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய உழைப்பே. தமிழ் எழுத்தில் தமிழகக் கிறித்தவம் கண்ட முதல் அச்சு நூல்களுக்கும், இந்த ஆற்று முகத்துக்கும் உள்ள உறவு இது.

இந்த ஆறு மனிதருக்குக் காட்டிய பாடம் அதனினும் பழையது. சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கிடையே ஓர் ஊர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகமும் உள்நாட்டு ஊராயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் இவ்விரு இடங்களையும் அகழ்ந்து பார்த்த ஆயர் கால்டுவெல், ஆறு கொணர்ந்த வண்டலே கடலைப் பின்னுக்குத் தள்ளியது என்பதை எடுத்துரைத்தார். துறைமுகங்களையே இடம்பெயரச் செய்யும் அளவுக்கு இந்த ஆறு கடலுக்கு மண் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அதனால் விளங்கும்.

ஆற்று முகத்துவாரத்தில் நம்மோடு நடந்து வந்த வயது முதிர்ந்த மீனவர் சொன்னதை மறக்க இயலவில்லை. “சாமி, ஆத்துத் தண்ணி வந்து கடல் கலங்கினாத்தான் எங்களுக்கு எறா உண்டு, மீன் குஞ்சு உண்டு. தண்ணி வரலைன்னா கடல் இருக்கும், ஆனா கடலுக்குப் பசி தீராது” என்றார். அவர் சொன்னதையே அறிவியலும் சொல்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகம், இறாலுக்கும் பல மீனினங்களுக்கும் குஞ்சு வளரும் தொட்டில். அலையாத்திச் செடிகளுக்கு அந்தக் கலப்பு வேண்டும். ஆறு கொண்டுவரும் சத்து, கரையோரக் கடலின் உணவுத் தொடருக்கு அடிப்படை. ஆறு தள்ளும் விசை குறைந்தால் முகத்துவாரத்தில் மணல்திட்டு ஏறும்; படகு போகும் வழி அடைபடும். கடலின் உப்பு ஆற்றின் வழியேயும், நிலத்தடி வழியேயும் உள்ளே ஏறும். கிணற்று நீர் கரிக்கும்.

நாம் அங்கு ஒரு வீட்டில் குடித்த நீரும் கரித்தது. விருந்தினருக்கென விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை அந்த வீட்டம்மா பின்னர் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு கடலில் சேரும் ஊரில் தண்ணீர் விலைக்கு வருகிறது! கோவில்பட்டியில் இருந்து சென்ற நமக்கு, நாம் மட்டுமே தாகமுற்றவர்கள் அல்லர் என்பது அன்றுதான் உறைத்தது.

ஆற்றின் பங்கு

ஆறு ஆறாக இருப்பதற்கு எவ்வளவு நீர், எந்தக் காலத்தில், எத்தகைய தூய்மையோடு ஓட வேண்டும் என்ற கேள்வியை உலகம் கடந்த சில பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறது. அதைச் சுற்றுச்சூழல் நீரோட்டம் என்கின்றனர். 2007-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கூடிய அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கை, நன்னீர்ச் சூழலும் கழிமுகமும் அவற்றை நம்பி வாழும் மக்களும் நிலைபெறத் தேவையான நீரின் அளவு, காலம், தரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே இதற்கு இலக்கணம் வகுத்தது. அளவு மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்றில் எந்நேரமும் ஒரே சீராகச் சிறிது நீர் ஓடுவதைவிட, வெள்ளக் காலத்தில் வெள்ளமும் கோடையில் சிற்றோட்டமும் இருப்பதே மீன்களுக்கும் மரங்களுக்கும் வேண்டியது. வெள்ளம் வரும் நேரமறிந்தே பல மீன்கள் முட்டையிடுகின்றன. வெள்ளம் படிந்த கரையில்தான் பல மரங்களின் விதை முளைக்கிறது.

இதைச் சட்டமாக்கிய நாடுகளும் உண்டு. தென்னாப்பிரிக்கா 1998-இல் இயற்றிய நீர்ச் சட்டம், எந்த ஆற்றிலும் இரண்டு பங்கை முதலில் ஒதுக்கி வைக்கச் சொல்கிறது: ஒன்று மக்களின் அடிப்படைக் குடிநீர்த் தேவை, மற்றொன்று ஆற்றின் சொந்தத் தேவை. இவ்விரண்டும் போக மீந்ததே வேளாண்மைக்கும் தொழிலுக்கும். ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றின் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, 2002 முதல் இயந்திரம் கொண்டு மணலை அள்ள வேண்டி வந்தது. பின்னர் உழவர்களிடமிருந்து நீர் உரிமைகளை அரசே விலை கொடுத்து வாங்கி ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவும் மெக்சிகோவும் உடன்பட்டு, பல ஆண்டுகளாகக் கடலைக் காணாதிருந்த கொலராடோ ஆற்றில் 2014-இன் வசந்தத்தில் ஏறத்தாழ எட்டு வாரம் நீர் திறந்தன. வறண்ட ஆற்றில் நீர் வருவதைக் காண மெக்சிகோவின் எல்லையோர மக்கள் குழந்தைகளோடு ஆற்றுக்குள் இறங்கிக் கொண்டாடினர். மே மாதத்தில் அந்நீர் கடலைத் தொட்டது.

நம் நாட்டிலும் இதற்குத் தொடக்கங்கள் உண்டு. கங்கையின் மேற்பகுதியில் பருவத்திற்கேற்ப சராசரி நீரோட்டத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை ஆற்றிலேயே விட வேண்டும் என்று 2018-இல் நடுவண் அரசு அறிவித்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது காவிரி. 2007-இல் வெளியான காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு, 740 டி.எம்.சி. நீரை மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடலுக்குச் செல்வதாக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. மாநிலங்களின் பங்கை 2018-இல் திருத்திய உச்ச நீதிமன்றமும் இந்த ஒதுக்கீட்டில் கை வைக்கவில்லை. நூற்றுக்கு இரண்டு கூட இல்லை என்பது உண்மை. ஆயினும் ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது சட்ட ஏட்டில் ஏறிவிட்டது.

அருகிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. நாங்குநேரிக்கு அருகில் உள்ள கூந்தன்குளத்திற்கு மணிமுத்தாற்றுக் கால்வாய் நீர் வந்து சேரும் ஆண்டில், நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நீர் வராத ஆண்டில் குளமும் வெறிச்சோடிவிடும். இன்று பன்னாட்டுச் சிறப்புப் பெற்ற ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்று அது. ஒரு மதகைத் திறப்பதிலும் மூடுவதிலும் எத்தனை உயிர்களின் ஆண்டுக் கணக்கு அடங்கியிருக்கிறது!

பம்பைக் கனவு

இனி நாம் கையொப்பமிட்ட அந்த விண்ணப்பத்திற்கு வருவோம். கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளில் அணை கட்டி, மலையைக் குடைந்து, ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 டி.எம்.சி. நீரை வைப்பாற்றுப் படுகைக்குக் கொண்டுவருவது என்ற திட்டத்தின் சாத்தியக்கூறு அறிக்கையைத் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-இல் அணியமாக்கியது. தென்காசி, விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளில் 91,400 எக்டேர் நிலம் பாசனம் பெறும் என்பது அதன் கணக்கு. கரிசல் மக்களுக்கு அது வெறும் திட்டமன்று, வாக்களிக்கப்பட்ட நாடு. கேரளம் அதை ஏற்கவில்லை; இன்றுவரை ஏற்கவில்லை. மிகுதியான நீரை வைத்துக்கொண்டு தர மறுக்கும் மனமின்மை என்றே அதை நாமும் மேடைகளில் பேசினோம்.

குருமடத்தில் நம்மோடு இறையியல் பயின்ற நண்பர் ஒருவர் குட்டநாட்டுப் பக்கம் பங்குத்தந்தையாக இருந்தார். அவரிடம் இதை ஆதங்கத்தோடு சொன்னபோது அவர் வாதாடவில்லை. “ஒரு வாரம் வந்து தங்குங்கள் அச்சா” என்றார். சென்றோம். பம்பை, அச்சன்கோவில் உள்ளிட்ட ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் விழும் இடம் குட்டநாடு. கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த வயல்களில் அங்கு நெல் விளைகிறது. ஆற்று நீர் குறையும் மாதங்களில் கடலின் உப்பு காயலுக்குள் ஏறிவிடும். அதைத் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டி, கோடையில் அதை மூடி வைக்கின்றனர். நெல் பிழைத்தது, ஆனால் கடலுக்கும் காயலுக்குமிடையே போய்வந்த இறாலுக்கும் மீனுக்கும் வழி அடைபட்டது, தேங்கிய நீரில் அழுக்கும் ஆகாயத்தாமரையும் பெருகின. 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தப் பெருங்காயல் நீரோட்டமின்றி மூச்சுத் திணறுவதை நம் கண்ணால் கண்டோம். மழையில் மூழ்கும் நாடு கோடையில் நன்னீருக்குத் தவிக்கும் என்பதை நாம் எண்ணியதே இல்லை. 2018 ஆகஸ்டில் அதே பம்பை கரை புரண்டு ஊர்களை மூழ்கடித்ததும் உண்மைதான். ஒரு மாதத்து வெள்ளம் மறு மாதத்து வறட்சியைப் போக்கிவிடுவதில்லை.

நாம் ‘மிகை’ என்று எண்ணியது, அங்கே உப்பைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும் காவல் நீர். நம் விண்ணப்பத்தில் குட்டநாட்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்பது திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தது. நமக்கு வெட்கமாக இருந்தது.

இதனால் கரிசலின் தாகம் பொய்யாகிவிடுமா? ஆகாது. குடிநீர் எல்லாருக்கும் உரியது. அதைக் குறைவின்றிப் பெறும் உரிமை நம் மக்களுக்கு உண்டு. அணைக்கட்டுகளே கூடாது என்று சொல்வதற்கும் நாம் துணியோம். அவற்றின் சோற்றை உண்டு வளர்ந்தவர்கள் நாம். நாம் சொல்வது இவ்வளவே: பங்கிடும் பந்தியில் ஆறும் கழிமுகமும் கடைசியாக எஞ்சியதை நக்கும் நாய்களாக இருக்கக் கூடாது, முதற்பந்தியிலேயே அவற்றுக்கு இலை போட வேண்டும்.

வயல் ஓரத்துக் கதிர்

திருவிவிலியத்தின் லேவியர் நூலில் உழவருக்கு ஒரு கட்டளை உண்டு. வயலை அறுக்கும்போது ஓரம்வரை ஒட்ட அறுக்கலாகாது. சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை. அந்த ஓரத்துக் கதிரால்தான் ரூத்து என்னும் அயல்நாட்டுக் கைம்பெண் உயிர் பிழைத்தாள். அவள் வழிமரபில் தாவீது வந்தார். நம் மண்ணிலும் இவ்வழக்கம் இருந்ததன்றோ? கடலை பிடுங்கி முடித்த காட்டில் தப்புக்கடலை பொறுக்க வருவோரைக் காட்டுக்காரர் விரட்டுவதில்லை. அதை யாரும் வீண் என்று சொன்னதுமில்லை.

கடலுக்குப் போகும் நீர் அத்தகைய ஓரத்துக் கதிர் என்றே நமக்குத் தோன்றுகிறது. அதைப் பொறுக்கி வாழ்பவர் நம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறார். அதனால்தான் அதை வீண் என்கிறோம். 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற மடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் ஒருசேரக் கேட்க வேண்டும் என அழைத்ததை இங்கு நினைவுகூர்கிறோம். புன்னைக்காயலில் அவ்விரண்டும் ஒரே குரலாக இருப்பதைக் கேட்டோம்.

மறுகால்

அப்படியானால் நம் கண்மாய்களுக்கு என்ன வழி? விடை, திருப்பிவிட வேண்டிய அயல் ஆற்றில் அன்று, நம் தலைமேல் பெய்யும் மழையில்தான் முதலில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் அதைக் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. கோவில்பட்டியும் தன் ஆண்டு மழையின் பெரும்பகுதியை அந்த ஒன்றிரண்டு நாள்களில் கண்டது. ஓடைகள் வீட்டு மனைகளாகியிருந்த இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கரை பலமற்ற கண்மாய்கள் உடைந்தன. சீமைக்கருவேலம் அடைத்த வரத்துக்கால்களால், இவ்வளவு மழையிலும் நிரம்பாத கண்மாய்களும் இருந்தன! கொட்டிய மழை நம் வாசலில்தான் கொட்டியது. அதை வரவேற்க நாம் வழி வைத்திருக்கவில்லை. வீண் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்த வேண்டுமானால் அங்கு பயன்படுத்தலாம்.

அந்த வெள்ளம் வடிந்தபின் நம் பங்கு இளைஞர்கள் ஊராருடன் சேர்ந்து ஒரு வரத்துக்காலைச் சீர் செய்தனர். பெரிய சாதனை என்று சொல்வதற்கில்லை. ஏறத்தாழ ஒரு கல் தொலைவு, முள்ளும் மண்ணும் அகற்றிய வேலை. ஒன்றைமட்டும் அவர்களிடம் வற்புறுத்திச் சொன்னோம்: கலிங்கை உயர்த்த வேண்டாம். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நமக்கு நாளிதழைக் காட்டிய அதே முதியவர்தான் முதலில் எழுந்து, “கலிங்கை ஒரு சாண் ஒசத்தினா நமக்கு ஒரு மாசத் தண்ணி கூட நிக்குமே சாமி” என்றார். புன்னைக்காயலையும் குட்டநாட்டையும் அவருக்குச் சொன்னோம். அவர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. “நீங்க சொன்னாச் சரிதான்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். தாகத்தில் வாழ்ந்த ஒருவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

அடுத்த கார்த்திகையில் அந்தக் கண்மாய் நிரம்பியது. மறுகால் பாய்கிறது என்று ஊரே பார்க்கப் போயிற்று, நாமும் போனோம். கலிங்குக் கற்களின் இடையே நீர் நுரைத்து விழ, விழுந்த நீரை எதிர்த்துக் கெண்டைக் குஞ்சுகள் மேலே துள்ளி ஏறிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ கீழிருந்து வந்தவை அவை. வழி திறந்திருந்ததால் வந்தன. முதியவர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு நம் பக்கம் திரும்பி, “கீழூர்க் கண்மாய்க்கு இந்நேரம் எட்டியிருக்கும் சாமி” என்றார்.